கிட்டாரின் காந்தக் காது

விழுப்புரம் சந்திப்பில் ரயிலேறித் திண்டிவனம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான அந்தப் பயணம் முழுவதும் உங்கள் தலைக்கு மேலே ஒரு கம்பி கூடவே வந்துகொண்டிருக்கும். அதில் ஓடுவது 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம். வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகின்ற மின்சாரம் அது.

இனி, திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரின் திருவிழா மேடைக்கு வாருங்கள். மெல்லிசைக் கச்சேரி. சீரியல் விளக்குகள் மின்னுகின்றன. மின்கிட்டார் வாசிக்கும் இளைஞரின் ஒலி, பாட்டின் நடுவில் கரகரத்து, மெலிந்து, நின்றே போகிறது. தந்தி அறுபடவில்லை, கேபிளிலும் பழுதில்லை. கிட்டாரின் முதுகுப் பக்கத்தில் இருந்த 9 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டது. இரவு பதினொரு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

“இந்த பேட்டரி வம்பே வேண்டாம். பேட்டரி இல்லாத பிக்கப்பாக மாற்றிவிடு” என்று நண்பர்கள் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மின்கிட்டார் பிறந்தபோது அதற்குள் மின்கலம் ஏதும் இருக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அது மின்கலம் இல்லாமலேயே உலகெங்கும் பாடிக்கொண்டிருந்தது. அப்படியிருக்க, இடையில் ஏன் ஒரு மின்கலம் வந்து புகுந்தது? அது என்னென்ன வேலைகளைச் செய்தது? இதைத் தெரிந்துகொள்ளாமல் மின்கலத்தைக் கழற்றுகிறவர், அது சுமந்துவந்த பொறுப்புகளையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறார். அவற்றுள் ஒன்று உயிரைக் காக்கும் பொறுப்பு. ஆகவே முதலில் கதையைப் பார்ப்போம்.

ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்

1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். கம்பிச் சுருளின் வழியே செல்லும் காந்தப் புலம் மாறினால், அந்தச் சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பதே அவர் கண்ட உண்மை. நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தை ஆக்கும் பெரும்பாலான மின்னாக்கிகள் இந்த ஒரே விதியின் குழந்தைகள்.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1931இல், இந்த விதியின் வழியில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஜார்ஜ் போஷாம்ப் என்ற இசைக் கலைஞர், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற தொழில் வல்லுநருடன் சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிட்டாருக்கு ஒரு காந்தக் காது பொருத்தினார். வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அந்தக் கருவிக்கு ‘வாணலி’ என்றே பட்டப் பெயர் வந்தது. 1932இல் அது விற்பனைக்கு வந்தது. 1934இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது.

அந்தக் காதைத்தான் ‘பிக்கப்’ என்கிறோம். அதன் அமைப்பு எளிது. தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தம். அதைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். எஃகுத் தந்தி காந்தத்துக்கு அருகில் இருப்பதால் தானும் சற்றே காந்தமாகிறது. தந்தியை மீட்டினால் அதனுடன் காந்தப் புலமும் ஆடுகிறது. புலம் ஆடினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. தந்தி வினாடிக்கு 110 முறை அதிர்ந்தால் மின்னழுத்தமும் 110 முறை ஏறி இறங்கும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் இசையாகிறது. கிட்டாருக்குள் மின்கலம் எதுவும் தேவையில்லை. உங்கள் விரலின் ஆற்றலே மின்சாரமாக மாறுகிறது. இவ்வகைக் காதைப் ‘பாசிவ் பிக்கப்’ என்பார்கள். நைலான் தந்தியையோ பித்தளைத் தந்தியையோ பூட்டிப் பாருங்கள்; இந்தக் காது செவிடாகிவிடும். எஃகு போன்ற, காந்தம் ஈர்க்கும் தந்தி ஒன்றுதான் அதற்குக் கேட்கும்.

இதனால் விளைந்த நன்மை ஒலி பெரிதானது மட்டுமன்று. கிட்டாருக்குக் கூடான வயிறு தேவையில்லை என்றாயிற்று. கெட்டியான மரப்பலகையில் தந்தி கட்டினால், ஆற்றல் மரத்துக்கு விரைவில் வடிந்துபோகாமல் நாதம் நீண்ட நேரம் நிற்கும். நம் இசைக்கு இது எவ்வளவு பயன்பட்டது என்பதற்கு மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் சான்று. ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969இல் பிறந்த அவர், 1980களின் தொடக்கத்தில் சிறுவனாகவே சென்னை மேடைகளை வியப்பில் ஆழ்த்தினார். நாதம் சட்டென்று அடங்கிவிடும் சாதாரண மாண்டலினில் கமகத்தை இழைப்பது கடினம். மின் மாண்டலினில் அது முடிந்தது.

இழையினும் மெல்லிய கம்பி

தந்தியின் ஆட்டம் சிறியது. அதனால் தோன்றும் மின்னழுத்தமும் சிறியது. அதைக் கூட்ட வேண்டுமானால் சுருளின் சுற்றுகளைக் கூட்ட வேண்டும். 1954இல் லியோ ஃபெண்டரின் தொழிலகம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிக்கப் ஒன்றில் சுமார் 8,000 சுற்றுகள். கம்பியின் விட்டம் 0.063 மில்லிமீட்டர், நம் தலைமயிரின் பருமன்தான். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வரும். அதன் மின்தடை ஏறக்குறைய 6,000 ஓம்.

இந்த ஆயிரக்கணக்கான சுற்றுகளே கிட்டாருக்கு வலிமை; அவையே அதற்கு இரண்டு தொல்லைகளையும் கொண்டுவந்தன.

முதல் தொல்லை: ரீங்காரம்

காந்தப் புலம் எங்கிருந்து வந்தாலும் சுருள் ஏற்றுக்கொள்ளும். இது தந்தியின் புலம், இது குழல்விளக்குச் சோக்கின் புலம் என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. மின்மாற்றி, சோக், மேடையைச் சுற்றிக் கட்டிய மின்வயர் எல்லாம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் புலத்தை வீசிக்கொண்டே இருக்கின்றன. கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியின் அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். ஆகவே இரைச்சல் இசையின் நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒலிபெருக்கியில் ‘உம்ம்ம்’ என்று கேட்பது இதுதான்.

இப்போது விழுப்புரம் ரயில் பாதைக்குத் திரும்புவோம். சென்னைப் பக்கத்திலிருந்து மின்பாதை விழுப்புரம் வரை நீண்டது 1960களில். அன்று அது மீட்டர் பாதை. பின்னாளில் அகலப் பாதையாயிற்று. 1931இல் சென்னையில் தொடங்கியது 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரம். பின்பு வந்ததோ 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம். இந்த முறையைக் கொண்டுவரும் இடங்களிலெல்லாம் பொறியாளர்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. பாதையை ஒட்டிக் கம்பங்களில் ஓடிய தொலைபேசிக் கம்பிகளில் ரயில் மின்சாரம் இரைச்சலைத் தூண்டியது. அக்கம்பிகளை எடுத்துவிட்டு நிலத்தடிக் கேபிள்களைப் போட வேண்டியிருந்தது. தொலைபேசிக் கேபிளில் இரண்டிரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிடுவார்கள். வெளிப் புலம் இரண்டிலும் ஒரே அளவில் தூண்டுவதால், ஒன்றை மற்றொன்று நீக்கிவிடும்.

இதே தந்திரத்தைக் கிட்டாருக்குள் செய்தவர் சேத் லவர். கிப்சன் நிறுவனப் பொறியாளரான அவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது கிடைத்தது. ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு சுருள்களை அவர் அருகருகே வைத்தார். இரண்டாவது சுருள் எதிர்த்திசையில் இணைக்கப்பட்டது. அதன் காந்த முனையும் தலைகீழாக்கப்பட்டது. பள்ளிக் கணக்கில் படித்ததை நினைவுகூருங்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குச் சுருளின் திசை மட்டுமே பொருட்டு. முதல் சுருளில் கூட்டல், இரண்டாவதில் கழித்தல், மொத்தம் சுழி. தந்தியின் ஒலிக்கோ சுருளும் தலைகீழ், காந்தமும் தலைகீழ். கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் அல்லவா? இரண்டும் சேர்ந்து ஒலி வலுக்கிறது, இரைச்சல் அடங்குகிறது. இந்த இரட்டைச் சுருளுக்கு ‘ஹம்பக்கர்’, அதாவது ரீங்காரத்தை எதிர்ப்பது என்று பெயர்.

இரண்டாம் தொல்லை: கேபிள்

கிட்டாரிலிருந்து பெருக்கிக்குப் போகும் கேபிள் வெறும் கம்பியன்று. அது ஒரு மின்தேக்கியும் ஆகும். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று கொள்ளலாம். பிக்கப்பின் சுருளுக்கோ சில ஹென்றி அளவுக்குத் தன்தூண்டல் உண்டு. தூண்டலும் மின்தேக்கியும் சேர்ந்தால் ஒத்ததிர்வு பிறக்கும். ரேடியோவில் நிலையத்தைத் திருப்புவது இந்த முறையில்தான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.5 ஹென்றி சுருளுடன் 3 மீட்டர் கேபிளைச் செருகினால் ஒத்ததிர்வு ஏறக்குறைய 5,800 ஹெர்ட்ஸில் நிகழும். 6 மீட்டர் கேபிளாக மாற்றினால் அது 4,100 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதற்கு மேற்பட்ட ஒலிகள் விரைவாகத் தேய்கின்றன. மேடை பெரிதாகிக் கேபிள் நீளமானால், கிட்டாரின் குரலே மாறிவிடுகிறது. அறையில் மணிபோல் ஒலித்தது அரங்கில் கம்பளி போர்த்தியதுபோல் கேட்கும்.

மின்கலம் வந்த கதை

1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது மலிவாகி, கைக்குள் அடங்கும் ரேடியோவாக நம் ஊர்த் தேநீர்க் கடைகள் வரை வந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அத்தனை சிறிய பெருக்கியைக் கிட்டாருக்குள்ளேயே வைத்தால் என்ன? 1960களின் இறுதியில் கலிபோர்னியாவின் அலெம்பிக் நிறுவனத்தார் இவ்வழியில் முயன்றனர். 1976இல் மியூசிக்மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே பேஸ் கிட்டார், மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கியுடன் விற்பனைக்கு வந்தது. அதே 1976இல் ராப் டர்னர் தொடங்கிய தொழில்தான் பின்னர் இ.எம்.ஜி. என்ற பெயரில் புகழ்பெற்றது. பிக்கப்பின் கூட்டுக்குள்ளேயே பெருக்கியை வைத்து மூடிவிடும் முறை அது. 1980களில் உரத்த ராக் இசைக் கலைஞர்கள் பலர் இதை ஏற்றனர். இதுவே ‘ஆக்டிவ் பிக்கப்’.

இதன் உள்ளே நடப்பதென்ன? சுருளின் சுற்றுகளைக் குறைத்துவிடலாம். குறைந்த மின்னழுத்தத்தைப் பெருக்கி ஈடுசெய்துவிடும். பெருக்கியின் வெளியீட்டு மின்தடை குறைவாதலால் கேபிளின் மின்தேக்கம் அதை அசைக்க முடியாது. 3 மீட்டரானாலும் 6 மீட்டரானாலும் ஒரே குரல். உள்ளுக்குள்ளேயே நல்ல கவசமும் இருப்பதால் ரீங்காரம் மிகக் குறைவு. அதனால், கிட்டாரின் தந்திகளைப் பூமி இணைப்போடு சேர்க்கும் கம்பியும் தேவையற்றதாயிற்று. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

மின்கலத்தின் விலை

இவ்வளவு நன்மை செய்யும் மின்கலத்தை ஏன் கழற்ற வேண்டும்? ஆக்டிவ் பிக்கப் ஒன்றுக்குத் தேவை 80 மைக்ரோ ஆம்பியர் அளவு மின்னோட்டம்தான். இரண்டு பிக்கப்புக்கு 160. நல்ல 9 வோல்ட் காரக் கலத்தின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர்–மணி. வகுத்துப் பார்த்தால் 3,000 மணிக்கு மேல் வரும். வாரம் பத்து மணி வாசிப்பவருக்கு ஆண்டுக்கணக்கில் போதும்.

பிறகு எப்படி மேடையில் தீர்ந்துபோகிறது? கேபிளைச் செருகும் துளையே இக்கிட்டாரின் சுவிட்ச். செருகினால் மின்கலம் இணையும், பிடுங்கினால் அணையும். கச்சேரி முடிந்து செருகியபடியே சுவரில் சாய்த்துவைத்தால், இரவும் பகலும் மின்கலம் கரைந்துகொண்டிருக்கும். சில முன்பெருக்கிகள் 1 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அவற்றில் அதே கலம் 500 மணிதான் வரும். அதாவது மூன்று வாரம்கூட இல்லை. பங்குனித் திருவிழாவில் வாசித்துவிட்டு அப்படியே வைத்த கிட்டார், சித்திரைத் திருவிழாவில் ஊமையாகிவிடும். மறந்துபோன கலம் கசிந்து இணைப்புகளை அரித்துவிடுவதும் உண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. மூடி முத்திரையிட்ட ஆக்டிவ் பிக்கப் பழுதானால், அதைத் திறந்து சீர்செய்வது அரிது. பாசிவ் பிக்கப்போ காந்தமும் கம்பியும்தான். மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் வைத்திருக்கும் சிற்றூர் ரேடியோ மெக்கானிக்கே அதன் குறையைக் கண்டுபிடித்துவிடலாம்.

கழற்றும்போது மாறவேண்டியவை

ஆக்டிவ் பிக்கப்பிலிருந்து மின்கலத்தை மட்டும் எடுத்துவிட்டால் அது பாசிவ் ஆகிவிடாது, ஊமைதான் ஆகும். பிக்கப்பையே மாற்றவேண்டும். அதோடு நான்கு மாற்றங்கள் தேவை.

முதலாவது, வால்யூம் கன்ட்ரோல். ஆக்டிவ் கிட்டாரில் 25,000 ஓம் அளவில் இருக்கும். பாசிவ் பிக்கப்புக்கு ஒற்றைச் சுருளானால் 2,50,000 ஓம், ஹம்பக்கரானால் 5,00,000 ஓம் என்பது வழக்கம். பழையதையே விட்டுவைத்தால் என்னவாகும்? 4.5 ஹென்றி தூண்டலும் 8,000 ஓம் மின்தடையும் உள்ள ஹம்பக்கரை 25,000 ஓமில் இணைத்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய 1,200 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சரியத் தொடங்கிவிடும். புதிய பிக்கப் வாங்கியும் குரல் மந்தமாக இருக்கிறது என்று பலர் நொந்துகொள்வதற்குக் காரணம் இந்தச் சிறு உறுப்புத்தான்.

இரண்டாவது, டோன் கன்ட்ரோலும் அதிலுள்ள மின்தேக்கியும். கன்ட்ரோலையும் மேற்சொன்ன அளவுக்கு மாற்றுங்கள். ஆக்டிவில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்தால், பாசிவில் 0.022 அல்லது 0.047 போதும்.

மூன்றாவது, கேபிள் துளை. மூன்று முனைகளில் ஒன்று மின்கலத்தின் சுவிட்சாக இருந்தது. இனி அதற்கு வேலையில்லை. மற்ற இரண்டு முனைகளே போதும்.

நான்காவது, பூமி இணைப்பு. நம் உடல் ஒரு வானலைக் கம்பிபோல இரைச்சலை வாங்கிக் கிட்டாருக்குக் கொடுக்கிறது. பாசிவ் கிட்டாரில் இதைத் தடுக்க, தந்திகள் தாங்கி நிற்கும் உலோகப் பாலத்திலிருந்து ஒரு கம்பியைக் கேபிள் துளையின் பூமி முனைக்கு இழுக்கவேண்டும். இதைச் செய்ததும், தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைவதை நீங்களே கேட்கலாம். மாற்றம் வெற்றி என்று மகிழ்வீர்கள். எச்சரிக்கை தேவைப்படும் இடமும் அதுதான்.

தந்தியில் வரும் எமன்

அந்தக் கம்பியை இணைத்ததும் உங்கள் விரல், எஃகுத் தந்தி, கேபிள், பெருக்கியின் உலோகப் பெட்டி எல்லாம் ஒரே மின்பாதையாகிவிடுகின்றன. பெருக்கிக்குச் சரியான பூமி இணைப்பு இருந்தால் இதனால் கெடுதியில்லை. அது இல்லாமல், உள்ளே மின்கசிவும் ஏற்பட்டால், 230 வோல்ட் நேராகத் தந்திக்கு வரும். ஒரு கையில் தந்தி, உதட்டருகே வேறொரு பெட்டியோடு இணைந்த மைக். இரண்டுக்கும் நடுவில் நிற்பது உங்கள் இதயம்.

இது கற்பனை அச்சமன்று. 1972 மே 3ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகர மேடையில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, பூமி இணைப்புச் சரியில்லாத மைக்கைத் தொட்டு, பார்வையாளர்களின் கண்ணெதிரே மின்சாரம் தாக்கி இறந்தார்.

நம் திருவிழா மேடைகளை எண்ணிப் பாருங்கள். ஜெனரேட்டரிலிருந்து ஒட்டுப்போட்ட வயர், மூன்றாவது முனை ஒடிந்த பிளக், மழையில் நனைந்த தரை. ரீங்காரம் வருகிறது என்பதற்காகப் பெருக்கியின் பூமி முனையைப் பிடுங்கிவிடுவோரும் உண்டு. ரீங்காரம் நின்றுவிடலாம், வாசிப்பவரின் மூச்சும் நின்றுவிடலாம். ஆக்டிவ் கிட்டாரில் தந்திக்கும் பூமிக்கும் இணைப்பு இல்லாததால், மின்கலம் சந்தடியில்லாமல் ஒரு காவலையும் செய்துவந்தது. அதைக் கழற்றுகிறவர் அந்தக் காவலைத் தாமே ஏற்கவேண்டும். மூன்று முனைப் பிளக், முறையாகப் பதித்த பூமி இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் காப்புச் சுவிட்ச் ஆகிய மூன்றும் மேடையில் இருக்கின்றனவா என்று தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தொடங்குமுன் தந்தியிலும் மைக்கிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். டெஸ்டர் எரியாவிட்டால் எல்லாம் சரி என்று பொருளல்ல. எரிந்தால் நிச்சயம் தொடக்கூடாது.

ஆக, அந்த இளைஞர் மின்கலத்தைக் கழற்றலாமா? தாராளமாகக் கழற்றலாம். அது பின்னோக்கிப் போவதாகாது. ஃபாரடேயின் காந்தமும் சுருளும் இன்றும் அதே விதிப்படி வேலைசெய்கின்றன. ஆனால் அந்தச் சிறு கலம் ரீங்காரம், கேபிள், உயிர்க்காவல் என்று மூன்று சுமைகளைத் தாங்கியிருந்தது. முதலாவதை இரட்டைச் சுருளிடம் ஒப்படையுங்கள். இரண்டாவதற்குக் கேபிளைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை மட்டும் எவரிடமும் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

அடுத்தமுறை விழுப்புரம்–திண்டிவனம் ரயிலில் போகும்போது தலைக்கு மேலே ஓடும் கம்பியைச் சற்றே நிமிர்ந்து பாருங்கள். ரயிலை இழுக்கும் மின்சாரத்தை ஆக்குவதும், தந்தியின் மெல்லிய ஆட்டத்தை இசையாக்குவதும் ஒரே விதி. அந்த மின்சாரம் தொடவேண்டாத இடத்தில் தொட்டால் கொல்லும் என்பதும் உண்மை.